உலகத்தையே நாலு பேர் ஆட்டி வெக்கறாங்கன்னு ஃபார்வர்ட் வந்தா என்ன பண்ணோணும்

போன மாசம் எங்க குடும்ப குரூப்ல ஒரு வீடியோ வந்துச்சுங்க, 22 நிமிசம் ஓடுது, பொழுதோட பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்திட்டு வந்து உக்காந்த பெரியப்பாதான் மொதல்ல போட்டாரு, அப்பறம் அதுவே ஒறம்பரை குரூப்பு, தறிக்காரங்க குரூப்பு, நோம்பி குரூப்புன்னு எல்லாத்துலயும் சுத்தி மறுநா வெடியால எனக்கே அஞ்சு தடவ வந்து சேந்துச்சு. பதிமூணு குடும்பம் சேந்து உலகத்துல இருக்கற எல்லா கவர்மென்ட்டையும் பின்னாடி இருந்து நடத்துதாம், யாரு பிரதமர் யாரு முதலமைச்சர்ங்கறதெல்லாம் அவங்க முடிவாம், நூல் வெல ஏறறதுக்குக்கூட அவங்கதான் காரணமாம். பெரியப்பா கீழ எழுதியிருந்தாரு, "எல்லாரும் பாருங்க, அழிக்கறதுக்குள்ள பாருங்க"ன்னு.

அவரப் பாத்து சிரிக்க எனக்கு மனசு வரலீங்க. நானும் ரெண்டு வருசம் இதயெல்லாம் முழுசா நம்புனவதான். அதோட வெல என்னன்னும் எனக்குத் தெரியும். 2017 பிப்ரவரில தமிழ்நாடு பூரா ஸ்கூல்ல தட்டம்மை ருபெல்லா ஊசி போட்டாங்க, 9 மாசக் கொழந்தைல இருந்து 15 வயசு வரைக்கும், அப்ப வாட்ஸப் முழுக்க இது மக்கள்தொகைய கொறைக்கறதுக்கு ரகசியக் கூட்டம் அனுப்புன ஊசின்னு ஓடுச்சு, நாந்தான் அண்ணிகிட்ட போயி பாப்பாவ அன்னிக்கு ஸ்கூலுக்கு அனுப்ப வேண்டாம்னு சொன்னேன். அடுத்த வருசம் கோடைல பாப்பாவுக்கு மணல்வாரி, அதான் அந்தத் தட்டம்மை, வந்து அது நெஞ்சுச் சளில போயி நின்னு ஆஸ்பத்திரில பதினோரு நாளு. பொழச்சுக்கிட்டா. அண்ணி இன்னிக்கு வரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, கேட்டிருந்தா பரவால்லன்னு இருக்கும். அதனாலதான் இத இவ்வளவு நீளமா எழுதறேன்.

நான் திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில 17 வருசமா கணக்கு எழுதறேன். கணக்குல மொத பாடமே வவுச்சர், அதாவது அத்தாட்சிச் சீட்டு, இல்லாம என்ட்ரி போடக்கூடாதுங்கறதுதான். பேங்க் ஸ்டேட்மென்ட்ல திடீர்னு ஒரு பணம் வந்து நிக்கும், யாரு போட்டாங்க எதுக்குப் போட்டாங்கன்னு தெரியாது, அத நம்ம இஷ்டத்துக்கு சேல்ஸ்ல ஏத்த முடியாது, பணமே வரலைன்னு கண்ண மூடிக்கவும் முடியாது. அதுக்குன்னே சஸ்பென்ஸ் அக்கவுன்ட்னு ஒண்ணு வெச்சிருப்போம், அதுல போட்டு வெச்சுட்டு பேப்பரத் தேடுவோம், பேப்பர் கெடச்சா எந்த லெட்ஜருக்குப் போகணுமோ அங்க போகும். "ரகசிய சக்தி அரசாங்கத்த ஆட்டி வெக்குது"ன்னு யாரு சொன்னாலும் இதேதான் பண்ணோணும். ஒடனே நம்பவும் வேண்டாம், ஒடனே தள்ளவும் வேண்டாம்.

மொதல்ல ஒரு பேப்பர எடுத்து மூணு விசயம் எழுதுங்க. யாரு அவங்க, பேரு ஊரு அட்ரஸோட. அவங்களுக்கு என்ன வேணும், குறிப்பா, டெண்டரா, நெலமா, லைசென்ஸா, பதவியா. வவுச்சர் எங்க, அதாவது கோர்ட் உத்தரவோ, பேங்க் கணக்கோ, விசாரணை அறிக்கையோ, கையெழுத்தோ. பெரியப்பா போட்ட வீடியோவ நான் அப்பிடி எழுதிப் பாத்தேன். யாருங்கற எடத்துல பதிமூணு குடும்பம்னு சொல்லிட்டு மூணு குடும்பத்து பேர மட்டுந்தான் சொல்றாங்க. என்ன வேணுங்கற எடத்துல "எல்லாமே"ன்னு வருது. வவுச்சர்ங்கற எடத்துல அமெரிக்க டாலர் நோட்டுல இருக்கற கண்ணு, ஒரு கைச்சைகை, ஒரு பாட்டு சீன். அவ்வளவுதான் இருந்துச்சு.

அடுத்து இந்த மாதிரி வீடியோல வர்ற இலுமினாட்டிங்கற பேரு எங்கிருந்து வந்துச்சுன்னு பின்னாடி போயி பாக்கோணும், இதுதான் எனக்கு ரொம்ப உதவுன வேல. இலுமினாட்டிங்கறது உண்மைலயே இருந்துச்சுங்க. 1776 மே 1ஆம் தேதி ஜெர்மனில பவேரியா பக்கம் இங்கோல்ஸ்டாட்ங்கற ஊர்ல ஆடம் வைஸ்ஹாப்ட்னு ஒரு சட்ட வாத்தியாரு ஆரம்பிச்சாரு, அப்ப அவருக்கு வயசு 28, மத குருமாருங்க பிடில இருந்து படிப்பையும் அரசாங்கத்தையும் விடுவிக்கோணும்ங்கறது அவரோட எண்ணம். 1784லயும் 1785லயும் பவேரியா மன்னர் கார்ல் தியோடர் தடை போட்டாரு, உறுப்பினர் ஊட்டுல சோதன போட்டு கடிதமெல்லாம் புடிச்சு 1787ல அரசாங்கமே அத அச்சடிச்சு வெளிய விட்டுருச்சு. வைஸ்ஹாப்ட் வேற ஊருக்குப் போயி 1830ல செத்துப் போனாரு. அதுக்கு நடுவுல 1789ல பிரெஞ்சுப் புரட்சி வந்துச்சா, ராஜாவ இழந்தவங்களுக்கு ஜனங்க பசில எந்திரிச்சாங்கன்னு ஒத்துக்க முடியல, 1797ல ரெண்டு பேரு தனித்தனியா எழுதி அந்தச் செத்துப்போன சங்கந்தான் புரட்சிய நடத்துச்சுன்னு சொன்னாங்க. இன்னிக்கு நம்ம போனுக்கு வர்றது அதோட பேரன் பேத்திதான். டாலர்ல இருக்கற பிரமிடும் கண்ணும் 1782ல அமெரிக்கா ஏத்துக்கிட்ட அரசு முத்திரை, நோட்டுல அது ஏறுனது 1935லதான், கீழ ரோமன் எண்ல இருக்கற 1776 அவங்க சுதந்திர வருசம்.

இன்னொரு பேரு வருங்க, அதுல ரொம்ப கவனமா இருக்கோணும். "குடும்பம்", "பேங்க்காரங்க"ன்னு ஆரம்பிச்சு கடைசில யூதர்கள்னு போயி நிக்கும். இதுக்கெல்லாம் அடில கெடக்கறது 1903ல ரஷ்யாவுல ஒரு பத்திரிகைல வந்த போலி ஆவணம், யூதப் பெரியவங்க உலகத்தப் புடிக்க போட்ட திட்டம்னு. 1921ல லண்டன் டைம்ஸ் பத்திரிகைக்காரரு ஒருத்தரு அத வரிக்கு வரி வெச்சுப் பாத்து, 1864ல பிரான்ஸ் மன்னரு மூணாம் நெப்போலியனக் கிண்டல் பண்ணி எழுதுன ஒரு புஸ்தகத்துல இருந்து காப்பி அடிச்சதுன்னு காட்டுனாரு. அந்தப் பழைய புஸ்தகத்துல யூதர்ங்கற பேச்சே இல்ல. காப்பின்னு தெரிஞ்ச அப்பறமும் நாஜிங்க அதையே பிரச்சாரத்துக்கு வெச்சுக்கிட்டாங்க, அறுவது லட்சம் யூதர்களக் கொன்னாங்க. நான் இதப் படிச்ச அன்னிக்கு சோறு எறங்கலீங்க, ஏன்னா அதே வரிகள தமிழ்ல ரெண்டு வருசம் நான் ஃபார்வர்ட் பண்ணியிருக்கேன். அதனால ஒரு சோதன சொல்றேன், ஃபார்வர்ட்ல எந்தச் சமூகத்து பேரு இருக்கோ அத எடுத்துட்டு உங்க சாதி பேரயோ உங்க ஊரு பேரயோ போட்டு சத்தமா படிச்சுப் பாருங்க. வயிறு கலங்குனா அத அனுப்பாதீங்க.

பில்டர்பெர்க்னு ஒரு கூட்டம் பத்தியும் வரும். 1954ல நெதர்லாந்துல அந்தப் பேர்ல இருக்கற ஓட்டல்ல ஆரம்பிச்சது, பெரிய கம்பெனிக்காரங்களும் மந்திரிங்களும் ஒரு நூறு நூத்தைம்பது பேரு மூடுன கதவுக்குள்ள பேசுவாங்க, யாரு வந்தாங்கன்னு லிஸ்ட் அவங்களே போடறாங்க, என்ன பேசுனாங்கன்னு வெளிய வராது. கேள்வி கேக்க வேண்டிய விசயந்தான். ஆனா "பேசுனாங்க"ங்கறதுக்குத்தான் வவுச்சர் இருக்கு, "உத்தரவு போட்டாங்க"ங்கறதுக்கு இல்ல. அது சஸ்பென்ஸ்ல கெடக்கட்டும்.

நெசமா மாட்டுன கூட்டங்க

இதோட நிறுத்திட்டு "எல்லாம் கட்டுக்கதை"ன்னு போனா அதுவும் தப்புதானுங்க. மறைஞ்சிருந்து அரசாங்கத்த புடிச்சு வெச்ச கூட்டம் நெசமாவே இருந்திருக்கு, மாட்டியும் இருக்கு. எப்பிடி மாட்டுச்சுன்னு பாக்கறதுலதான் நமக்குப் பாடம் இருக்கு.

இத்தாலில பி2ன்னு ஒரு ரகசிய சங்கம், தலைவரு லிச்சோ ஜெல்லி. 1981 மார்ச் 17ஆம் தேதி மிலான் நீதித்துறை அதிகாரிங்க ஒரு பேங்க் மோசடி கேஸ தொரத்திக்கிட்டு போனவங்க அரேஸ்ஸோ பக்கத்துல அவரோட ஆபீஸ்ல சோதன போட்டாங்க. அந்த ஆபீஸ் எங்க இருந்துச்சு தெரியுங்களா, ஒரு துணி தைக்கற ஃபேக்டரில. அங்கிருந்த பெட்டகத்துல 962 பேரு லிஸ்ட். மந்திரிங்க, எம்பிங்க, ராணுவ ஜெனரலுங்க, உளவுத்துறை தலைவருங்க, பேங்க்காரங்க, பத்திரிகைக்காரங்க, பின்னாடி பிரதமர் ஆன பெர்லுஸ்கோனி பேரும் அதுல இருந்துச்சு. மே மாசம் லிஸ்ட் வெளிய வந்துச்சு, ஒரு வாரத்துக்குள்ள ஃபோர்லானி அரசாங்கம் கவுந்துச்சு. 1982 ஜனவரில ரகசிய சங்கத்துக்கு எதிரா தனிச் சட்டமே கொண்டு வந்தாங்க, தீனா அன்செல்மிங்கற அம்மா தலைமைல பார்லிமென்ட் குழு வருசக்கணக்குல விசாரிச்சு அறிக்கை குடுத்துச்சு. நான் இதப் படிக்கறப்ப எங்க கம்பெனி பீரோவத் திரும்பிப் பாத்தேன். எவ்வளவு பெரிய ரகசியமா இருந்தாலும் யாரோ ஒருத்தரு ரிஜிஸ்டர் எழுதித்தான் ஆகோணும், சந்தா யாரு கட்டுனா யாரு பாக்கின்னு பாக்கோணுமே.

துருக்கில 1996 நவம்பர் 3, சுசுர்லுக்ங்கற ஊர்கிட்ட ஒரு மெர்சிடிஸ் காரு லாரில மோதுச்சு. உள்ள ஒரே வண்டில ஒரு போலீஸ் பெரிய அதிகாரி, போலீஸ் தேடிட்டிருந்த கொலகாரன் ஒருத்தன், ஆளுங்கூட்டணி எம்பி ஒருத்தரு. எம்பி மட்டும் பொழச்சாரு. தேடப்பட்டவன் பையில அரசாங்கமே குடுத்த வேற பேரு ஐடி இருந்துச்சு. உள்துறை மந்திரி பதவிய விட்டாரு. ஜனங்க என்ன பண்ணுனாங்கன்னா 1997 பிப்ரவரி 1ல இருந்து தெனமும் ராத்திரி ஒம்போது மணிக்கு ஒரு நிமிசம் ஊட்டு லைட்ட அணைச்சு வெச்சாங்க, ஊரு ஊரா. இப்ப உலகம் பூரா "ஆழ்ந்த அரசு"ன்னு, அதாவது அரசாங்கத்துக்குள்ளயே மறைஞ்சிருக்கற இன்னொரு அரசாங்கம்னு சொல்றாங்களே அந்த வார்த்தை துருக்கில இருந்துதான் கெளம்புச்சு.

தென்னாப்பிரிக்கால குப்தா சகோதரருங்க, நம்ம உத்தரப்பிரதேசம் சஹாரன்பூர்ல இருந்து 1993ல போனவங்க, ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவோட நெருங்கி மந்திரி யாருங்கறதயே பேசி முடிக்கற அளவுக்குப் போயிட்டாங்க. துணை நிதியமைச்சரு ஒருத்தரு 2016ல வெளிப்படையா சொன்னாரு, நிதியமைச்சர் பதவிய அவங்கதான் எனக்கு தர்றேன்னாங்கன்னு. அப்பறம் ஈமெயில் கட்டு கட்டா வெளிய வந்துச்சு, நீதிபதி ஸோண்டோ கமிஷன் 2018ல இருந்து 2022 வரைக்கும் உக்காந்து விசாரிச்சுச்சு, ஜூமா 2018லயே பதவி போச்சு.

இந்த மூணையும் பெரியப்பா வீடியோ பக்கத்துல வெச்சுப் பாருங்க. ஆளு பேரு இருக்கு. வேணுங்கறது குறிப்பா இருக்கு, காசு, காண்ட்ராக்ட், கேஸ்ல இருந்து தப்பிக்கறது. எல்லாத்தயும் அவங்களால கட்டுப்படுத்த முடியல, அதனாலதான் மாட்டுனாங்க, லாரிய அவங்களால நிறுத்த முடியல பாருங்க. அத வெளிய கொண்டு வந்தவங்களும் சம்பளத்துக்கு வேல பாத்த ஆடிட்டரு, நீதிபதி, பத்திரிகைக்காரங்க மாதிரி ஆளுங்கதான். எந்த ஆதாரம் வந்தாலும் "அதுவும் அவங்க செட்டப்"னு சொல்ற கதைல என்ட்ரிய ரிவர்ஸ் பண்றதுக்கு வழியே இருக்காது, அப்பிடிப்பட்ட கணக்க எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டாரு.

நம்ம பக்கம்

நம்ம நாட்டுலயே 1993ல மும்பை குண்டுவெடிப்புக்கு அப்பறம் உள்துறைச் செயலர் வோரா தலைமைல ஒரு குழு போட்டு, குற்றவாளிங்க, அரசியல்வாதிங்க, அதிகாரிங்க கூட்டு எவ்வளவு ஆழமா இருக்குன்னு எழுதி வாங்குனாங்க, பார்லிமென்ட்ல 1995ல வெச்சாங்க. அது ஒரு பக்கம் இருக்கட்டும், நம்ம கோயமுத்தூருக்கே வரலாம்.

தேர்தல் பத்திரம் ஞாபகம் இருக்கும். 2018ல இருந்து ஸ்டேட் பேங்க்ல ஆயிரம் ரூவாய்ல இருந்து ஒரு கோடி வரைக்கும் பத்திரம் வாங்கி கட்சிக்கு குடுக்கலாம், யாரு யாருக்கு குடுத்தாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியாது. மொத்தம் 16,518 கோடிக்கு வித்துச்சு. 2024 பிப்ரவரி 15ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்ல அஞ்சு நீதிபதிங்க அது அரசியல் சட்டத்துக்கே விரோதம்னு ரத்து பண்ணி விவரத்த வெளிய போடச் சொன்னாங்க, பேங்க் ஜூன் வரைக்கும் டைம் கேட்டுச்சு, கோர்ட் குடுக்கல, மார்ச் 14ஆம் தேதி லிஸ்ட் வந்துச்சு. நான் அன்னிக்கு ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் அந்த பிடிஎஃப பாத்துட்டே இருந்தேன். அதிகமா வாங்குன கம்பெனி எதுன்னு பாத்தா ஃப்யூச்சர் கேமிங், லாட்டரி கம்பெனி, அட்ரஸ் நம்ம கோயமுத்தூரு. 1,368 கோடி. அதுல 509 கோடி எங்களுக்கு வந்துச்சுன்னு திமுக தேர்தல் ஆணையத்துக்கிட்ட தானே சொல்லியிருந்துச்சு, திரிணாமூல் காங்கிரசுக்கு 542 கோடி. எல்லா கம்பெனி பத்திரமும் சேத்துப் பாத்தா அதிகமா வாங்குன கட்சி பாஜக, ஆறாயிரம் கோடிக்கு மேல. தமிழ்நாட்டுல 2003லயே லாட்டரிய தடை பண்ணிட்டாங்க, நம்ம பக்கத்துல லாட்டரியால தறிய வித்தவங்க எத்தன பேருன்னு எல்லாருக்கும் தெரியும்.

இங்கயும் வவுச்சர் என்ன சொல்லுதோ அதுக்கு மேல போகக்கூடாதுங்க. பணம் குடுத்தது லிஸ்ட்ல இருக்கு. எதுக்குக் குடுத்தாங்கன்னு லிஸ்ட்ல இல்ல. குடுத்த தேதி, அந்தக் கம்பெனில ரெய்டு நடந்த தேதி, காண்ட்ராக்ட் கெடச்ச தேதின்னு ஒரு ஷீட்ல பக்கத்துப் பக்கத்துல போட்டுப் பாக்கலாம், அது கேள்வி கேக்க நல்ல காரணம், தீர்ப்பு இல்ல. நீங்க எந்தக் கட்சியோ அந்தக் கட்சிக்கும் இதே அளவுகோல வெச்சுப் பாருங்க, இது எனக்கே கஷ்டமாத்தான் இருந்துச்சு.

இன்னொண்ணும் சொல்லியாகோணும். நொய்யல் தண்ணி செவப்பும் நீலமுமா போனத பாத்து வளந்தவ நான். ஒரத்துப்பாளையம் அணைய 1992ல விவசாயத்துக்குன்னு தொறந்தாங்க, அதுல சாயத்தண்ணி தேங்கி கெணறெல்லாம் உப்பாச்சு, தென்னை காஞ்சு போச்சு, விவசாயிங்க வருசக்கணக்குல கோர்ட்டுக்கு நடந்தாங்க, கடைசில 2011 ஜனவரில சென்னை ஹைகோர்ட்டு எல்லா சாயப்பட்டறையும் மூடச் சொல்லுச்சு, எழுநூறுக்கும் மேல. இத்தன வருசம் யாரு தடுத்து வெச்சா? ரகசியக் கூட்டம் எதுவும் இல்ல. மொதலாளிங்க இருந்தாங்க, ஓட்டு பாத்த கட்சிங்க இருந்தாங்க, கண்டுக்காத அதிகாரிங்க இருந்தாங்க, டாலரு வருதேன்னு பாத்த அரசாங்கம் இருந்துச்சு, அதோட நாங்களும் இருந்தோம். என்ற சித்தப்பா சாயப்பட்டறைல வேல பாத்த சம்பளத்துலதான் நான் பி.காம் முடிச்சேன், எங்க ஊட்டுல ஒருத்தரும் நொய்யலப் பத்தி வாயத் தொறக்கல. வீடியோவுல வர்ற கதைல கெட்டவங்க எப்பவும் தூர தேசத்துல இருப்பாங்க, நம்ம பங்கு அதுல வரவே வராது, அதனாலதான் அது கேக்க அவ்வளவு சொகமா இருக்குன்னு எனக்குத் தோணுது.

சரி, நம்ம ஊர்ல யாரு கை ஓங்கியிருக்குன்னு பாக்கறது எப்பிடின்னு கேட்டா, பெருசா ஒண்ணுமில்ல, ஒரே ஒரு விசயத்த எடுத்துக்கோங்க. ஒரு ரோடு, ஒரு குட்டை, ஒரு புறம்போக்கு. நான் எடுத்தது எங்கூரு குட்டை. வண்டல் மண்ணு தோட்டத்துக்குன்னு சொல்லி டிப்பரு டிப்பரா எடுத்தாங்க, தோட்டத்துக்குப் போன மாதிரி தெரியல. ஊர்ல என்ன பேச்சுன்னா மேல இருந்து ஃபோன் வந்துச்சு, சென்னை வரைக்கும் ஆளு இருக்குன்னு. அத சஸ்பென்ஸ்ல போட்டேன். தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒரு மனு எழுதுனேன். 2005 சட்டம், பிரிவு 6(1)னு மேல போட்டு, பொதுத் தகவல் அலுவலருக்குன்னு எழுதி, பத்து ரூவா கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, போயி சேந்ததுக்கு அத்தாட்சி கெடைக்கற தபால்ல அனுப்போணும். ஆன்லைன்லயும் போடலாம்.

கேள்விய எப்பிடி கேக்கறோம்ங்கறதுலதான் எல்லாமே இருக்கு. "ஏன் கொள்ளையடிக்க விட்டீங்க"ன்னு கேட்டா பதில் வராது, ஏன்ங்கற கேள்விக்கு அவங்க பதில் சொல்ல வேண்டியதில்ல. இருக்கற பேப்பரக் கேளுங்க. இந்த சர்வே நம்பர் குட்டைல இந்தத் தேதில இருந்து இந்தத் தேதி வரைக்கும் மண்ணெடுக்க குடுத்த அனுமதி உத்தரவு நகல், அனுமதி வாங்குனவங்க பட்டியல், எத்தன கனமீட்டர், மண்ணு வண்டிக்குக் குடுத்த நடைச்சீட்டு நகல். அவ்வளவுதான். எத்தன மண்ணு போச்சுன்னு நாங்களும் எண்ணி வெச்சிருந்தோம், குட்டைக்கு எதுத்த ஊட்டு அம்மாயி வாசல்ல உக்காந்து பாக்கு மென்னுக்கிட்டே கோடு போட்டு எண்ணுனாங்க, நாலு நாள்ல 131 லோடு.

முப்பது நாள்ல பதில் வரோணும். எனக்கு வரல. அதுக்கு அடுத்த முப்பது நாளுக்குள்ள அதே ஆபீஸ்ல மேல்முறையீட்டு அலுவலருக்கு மொத அப்பீல் போடோணும், அதுக்கு ஸ்டாம்ப் வேண்டாம். அப்பறம் பதில் வந்துச்சுங்க, அனுமதி ஏழு விவசாயி பேர்ல, அதுல ரெண்டு பேரு செத்து வருசம் நாலாச்சு. இப்ப அது வெறும் ஊர்ப்பேச்சு இல்ல, வவுச்சர் வந்துருச்சு. சென்னைல இருந்து ஃபோன் வந்துச்சுங்கறதுக்கு இன்னும் ஒண்ணும் கெடைக்கல, அது இன்னும் சஸ்பென்ஸ்லயேதான் இருக்கு. அப்பீலுக்கும் பதில் சரியா வரலைன்னா 90 நாளுக்குள்ள மாநில தகவல் ஆணையத்துக்கு ரெண்டாவது அப்பீல் போகலாம்.

மத்த பேப்பரெல்லாம் எங்க கெடைக்கும்னா, டிப்பரு எந்தக் கம்பெனி பேர்ல இருக்குன்னு தெரிஞ்சா அந்தக் கம்பெனிக்கு டைரக்டரு யாரு யாருன்னு கம்பெனி விவகார அமைச்சகம் வெப்சைட்டுல சும்மாவே பாக்கலாம், பேலன்ஸ் ஷீட் பாக்க நூறு ரூவா. எலக்சன்ல நிக்கறவங்க சொத்துக்கணக்கு உறுதிமொழிப் பத்திரம் தேர்தல் ஆணையம் போடுது, மைநேதாங்கற தளத்துல சுலபமா தேடலாம், அஞ்சு வருசத்துக்கு முந்துன பத்திரத்தையும் இப்பத்திய பத்திரத்தையும் ஒண்ணா வெச்சுப் பாருங்க. நெலம் கைமாறுச்சுன்னா பதிவுத்துறை தளத்துல சர்வே நம்பர் போட்டு வில்லங்கம் பாக்கலாம், பாக்கறதுக்கு காசு இல்ல. அரசு டெண்டரு தளத்துல எந்த வேலைக்கு யாரு யாரு கேட்டாங்க எவ்வளவு கேட்டாங்கன்னு வரும். ஒரே ஏரியாவுல மூணு பேரு மாத்தி மாத்தி எடுக்கறாங்க, மத்த ரெண்டு பேரும் எப்பவும் கொஞ்சமா கூட கேட்டு தோக்கறாங்கன்னா அந்த மூணு கம்பெனி டைரக்டரு பேரயும் அட்ரஸயும் பக்கத்துல எழுதிப் பாருங்க. நம்ம பக்கம் பாதி ஒறவு கல்யாணப் பத்திரிக்கைலயே தெரிஞ்சிரும், ஆனா மாமன் மச்சான்ங்கறது மட்டும் குத்தம் இல்ல, அதயும் மனசுல வெச்சுக்கோங்க.

தனியா மட்டும் போகாதீங்க. இத நான் கையப் புடிச்சுக் கேட்டுக்கறேன். 2022 செப்டம்பர்ல நம்ம கரூர் மாவட்டத்துல கல்குவாரிய எதுத்த ஒரு விவசாயி மேல குவாரி வண்டி ஏறி செத்துப் போனாரு, குவாரி ஓனர் மேல கொலை வழக்கு போட்டாங்க. மனுவ அஞ்சாறு பேரு ஆளுக்கு ஒரு கேள்வியா பிரிச்சுப் போடுங்க, வேற ஊர்ல இருக்கற பங்காளி பேர்லயும் போடலாம், வந்த பதில அன்னிக்கே நாலு எடத்துல காப்பி வெச்சிருங்க. கைல வெச்சுட்டு யாரையும் மெரட்டப் போகாதீங்க, அது வேற தொழிலாயிரும். கெராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1ன்னு வருசத்துக்கு ஆறு தடவ கூடுது, அங்க எல்லாரு முன்னாடியும் படிச்சு தீர்மானப் புஸ்தகத்துல ஏத்துங்க, ஏத்துனத போட்டோ எடுத்துட்டு அப்பறம் கையெழுத்துப் போடுங்க.

பெரியப்பாகிட்ட எப்பிடிப் பேசுனேன்னு கேப்பீங்க. குரூப்ல நான் பதில் போடல, அத்தன பேரு முன்னாடி சொன்னா அவரு விட்டுக்குடுக்க மாட்டாரு, நானா இருந்தாலும் அப்பிடித்தான். ஞாயித்துக்கெழம தோட்டத்துக்கே போனேன். கட்டுத்தரைல மாட்டுக்குத் தட்டு போட்டுட்டு இருந்தாரு. "ஏன் கண்ணு, அந்த வீடியோ பொய்ங்கறயா"ன்னாரு. "பொய்னு சொல்லலீங் பெரியப்பா, பேப்பரு இல்லைங்கறேன்"னேன். அவருக்கு நெசமா என்ன கோவம்னு கேட்டேன். கொப்பரை வெல எறங்கி எறங்கி ஏறுது, யாரு முடிவு பண்றாங்கன்னே தெரியல, கேக்கறதுக்கு ஆளு இல்ல, அதான் கோவம். அது நியாயமான கோவம், அதுக்கு பதில் வேணும்னு ஒரு மனுசன் தேடறப்ப மொதல்ல கைக்கு கெடச்சது அந்த வீடியோ. அவருகிட்ட நான் இலுமினாட்டி கதையெல்லாம் சொல்லல, இத்தாலி துணி ஃபேக்டரி பெட்டகத்த மட்டும் சொன்னேன், ரெண்டு தடவ சொல்லச் சொல்லி கேட்டாரு.

அப்பறம் உள்ள போயி ஒரு டைரிய எடுத்துட்டு வந்தாரு. ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல அவரு ஏலத்துக்குக் கொண்டு போன ஒவ்வொரு நாளும் கொப்பரை என்ன வெலைக்குப் போச்சு, எத்தன வியாபாரி வந்தாங்க, கடைசில யாரு எடுத்தாங்கன்னு மூணு வருசமா எழுதி வெச்சிருக்காரு. நாலு பேருதான் மாறி மாறி எடுத்திருக்காங்க. இப்ப அத நானும் அவருமா ஷீட்டுல ஏத்திட்டு இருக்கோம், பாதி முடிஞ்சுது.